ஐந்து மணி என்று சொன்னேன்

பூந்தமல்லியில் அந்தத் தெருவுக்குள் நாங்கள் நுழைந்தபோது ஷாமியானாவை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தார்கள். வாடகை நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாசலைக் கூட்டிவிட்டிருந்தார்கள். ஊதுபத்தி வாசனை மட்டும் மிச்சம் இருந்தது.

நாங்கள் நாற்பது பேருக்குமேல் இருப்போம். ஆவடி தொழிற்சாலையில் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு, காக்கி உடுப்போடும் டிபன் காரியரோடும் பஸ் பிடித்து வந்த ஆண்கள். குவார்ட்டர்ஸிலிருந்து வந்த ஏழெட்டுப் பெண்கள். எல்லாருக்கும் முன்னால் கிரேன் ஆபரேட்டர் முனுசாமி அண்ணன் நடந்தார். கையில் காகிதத்தில் சுற்றிய பன்னீர் பாட்டில் வைத்திருந்தார். மணி ஐந்தடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது.

நாங்கள் வந்தது காதர் பாயைக் கடைசியாகப் பார்க்க. தொழிற்சாலையில் இருபத்தைந்து வருஷத்துக்குமேல் வேலை பார்த்து, ஓய்வு பெற்றுப் பூந்தமல்லிக்குப் போனவர். அவருடைய மகன் நசீர் எங்களைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான்.

“லுஹருக்கே அடக்கம் பண்ணிட்டோமே டீச்சர். மத்தியானம் ரெண்டு மணிக்கெல்லாம் முடிஞ்சுபோச்சே. சீட்டுல எழுதிக் குடுத்தேனே” என்றான்.

அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். குவார்ட்டர்ஸ் மைக்கில் ஐந்து மணி என்று சொன்னது நான்.

மைக் கைக்கு வந்த கதை

போன வாரம் இந்தப் பத்தியில் குழாயடிச் சண்டைகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, அயனம்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். “நீங்கள்தானே எங்கள் குவார்ட்டர்ஸில் சாவுச் சேதி சொன்ன டீச்சர்?” என்று ஒரே வரி. ஆமாம் அம்மா, நான்தான். இத்தனை வாரமாக எதை எதையோ எழுதி அந்தப் பேச்சை ஒத்திப்போட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். இனிமேலும் இதைத் தூக்கிக்கொண்டு திரிய எனக்குத் தெம்பில்லை.

குவார்ட்டர்ஸ் நலச் சங்கத்துக்கு ஒரு ஹால் உண்டு. அதற்குள் ஒரு பீரோ, ஒரு கேரம் போர்டு, ஒரு ஆம்ப்ளிஃபையர். பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியின்மேல் இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள். சுதந்திர தினக் கொடியேற்றம், பொங்கல் விளையாட்டு, தண்ணீர் லாரி வரும் நேரம், எல்லாம் அதில்தான் சொல்வார்கள்.

நான் பால்வாடி டீச்சர். முப்பது பிள்ளைகளை அதட்டி அதட்டி எனக்குத் தொண்டை நன்றாகத் திறந்திருந்தது. விளையாட்டு விழாவில் சாக்கு ஓட்டத்துக்கு நான் பெயர் கூப்பிட்டதைக் கேட்ட சங்கச் செயலாளர், “டீச்சர் குரல் எட்டாவது பிளாக் வரைக்கும் தெளிவாக் கேக்குது” என்று பாராட்டினார். அவர் அதோடு விட்டிருக்கலாம்.

மறுவாரமே ஒரு சாவு விழுந்தது. இறந்தவர் செயலாளரோடு ஒரே மேஜையில் வேலை பார்த்தவர். மைக்கைப் பிடித்ததும் செயலாளருக்கு நா எழவில்லை. ஆள் அனுப்பி என்னைக் கூட்டிவரச் சொன்னார். “இந்த ஒரு தடவை மட்டும் டீச்சர்” என்றார். அந்த ஒரு தடவை ஏறக்குறையப் பதினைந்து வருஷம் நீண்டது.

எங்கள் குவார்ட்டர்ஸ் யாருக்கும் சொந்த ஊர் இல்லை. திருநெல்வேலி, வேலூர், தஞ்சாவூர், கோயம்புத்தூர் என்று எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள். நாங்கள் திண்டுக்கல் பக்கம். ஒரு சாவு விழுந்தால் தூக்குவதற்கு அண்ணன் தம்பி, பங்காளி என்று பக்கத்தில் ஆள் கிடையாது. மைக்கில் சொன்னால்தான் ஆள் வரும். இறந்தவரின் ஊரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அந்த ஜில்லாக்காரர்கள் முன்னால் வந்து நிற்பார்கள்.

இந்த ஊர்க் கணக்கைக் கேட்டு முனுசாமி அண்ணன் சிரிப்பார். அவர் நூம்பலில் பிறந்தவர். எனக்குத் தெரிந்து எங்களுக்குள் உள்ளூர்க்காரர் அவர் ஒருவர்தான்.

“உங்களுக்கெல்லாம் தூரத்துல ஊர் கீது, வேன் வெச்சி எடுத்துனு போவீங்க. நான் செத்தா சைக்கிள் கேரியர்ல வெச்சிக் கட்டு டீச்சரம்மா, அர அவர்ல நூம்பல் வந்துரும்” என்பார்.

அப்படிக் கிண்டல் செய்தாலும், யார் வீட்டுச் சாவானாலும் மூங்கில் வெட்டுவதில் தொடங்கி, எல்லாம் முடிந்து வீட்டுக்காரரைக் குளிக்க வைத்துக் கூட்டி வருவது வரை அவர்தான் கூட நிற்பார்.

குரலுக்கு வந்த பெயர்

ஆரம்பத்தில், “ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்” என்றுதான் தொடங்குவேன். செய்தித்தாள்களில் அப்படித்தான் போட்டிருந்தது. ஒரு நாள் முனுசாமி அண்ணன் ஹாலுக்கே வந்துவிட்டார்.

“பேரை மொதல்ல சொல்லு டீச்சரம்மா. நீ ஆழ்ந்த வருத்தம்னு இஸ்துகினு போறதுக்குள்ள, நைட் ஷிஃப்டு போனவன் ஊட்ல எல்லாம் வவுத்தக் கலக்குது.”

நியாயமான பேச்சு. அன்றிலிருந்து பெயரை முதலில் சொன்னேன். அதனால் எல்லாருக்கும் பயம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ஸ்பீக்கர் கரகரவென்று உயிர் பிடிக்கிற சத்தம் கேட்டாலே தோசை ஊற்றிக்கொண்டிருப்பவர் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள்.

என் பெரிய மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க நானும் என் கணவரும் பிளாக் பிளாக்காகப் போனோம். வெளியில் நின்று, “அக்கா, இருக்கீங்களா?” என்று கூப்பிடுவேன். உள்ளே பாத்திரம் விழும். கதவைத் திறக்கிறவர் முகத்தில் ரத்தமே இருக்காது. “ஐயோ, கல்யாணப் பத்திரிகைங்க” என்று குங்குமத் தட்டை நீட்டுவேன். நாலாவது வீட்டில் என் கணவருக்குப் பொறுக்கவில்லை. “நீ பேசாம வா. நானே கூப்பிடுறேன்” என்றார். என் மகள் கல்யாணத்துக்கு வாய் திறந்து நான் அழைத்தது மூன்று வீடுகளைத்தான்.

மூன்றாவது பிளாக் ரெஜினா அக்கா மட்டும் என்னைப் பார்த்துப் பயந்ததில்லை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தலைக்குச் சாயம் போடுவார், பவுடர் போடாமல் ரேஷன் கடைக்கு வர மாட்டார். வரிசையில் நிற்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்வார். “நான் போனா வயசச் சொல்லிராத டீச்சர். தெரியணும்னா கோயில் ரிஜிஸ்தர்ல போய்ப் பாத்துக்கிடட்டும்” என்பார். அவர் போன அன்றைக்கு அடக்க ஆராதனை நேரத்தை மட்டும் சொல்லிவிட்டு மைக்கை அணைத்தேன். வயதை விட்டுவிட்டேன் என்று நாலு பேர் ஹாலுக்கு வந்து திருத்தினார்கள். இத்தனை வருஷத்தில் நான் ஆசைப்பட்டுச் செய்த தப்பு அது ஒன்றுதான்.

மற்றபடி அலுப்புதான். காலையில் ஒருவரின் பெயரை இரண்டு தடவை உரக்கச் சொல்லிவிட்டு, எட்டரைக்குப் பால்வாடியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சாயங்காலம் சாவு வீட்டுக்குப் போக வேண்டும். இரவு வந்து உலை வைக்கும்போது கை எழாது. வேண்டாம், வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று இரண்டு தடவை செயலாளரிடம் சொன்னேன். இரண்டு தடவையும் அவர் தலையைச் சொறிந்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இடம் விடாத வரி

காலை ஆறரை மணிக்கு, அதுவும் ஒரு சாவைக் கேட்ட கையோடு, புதிதாக வாக்கியம் யோசிக்க யாராலும் முடியாது. அதனால் ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் வாசகத்தை எழுதி வைத்துக்கொண்டேன். பெயருக்கு இடம் விட்டேன். வயதுக்கும் பிளாக் எண்ணுக்கும் சொந்த ஊருக்கும் இடம் விட்டேன். வீட்டார் எழுதிக் கொடுத்த சீட்டை அந்தப் பக்கத்தில் குண்டூசியால் குத்திக்கொண்டு, இடம் விட்ட வரி வரும்போது சீட்டைப் பார்த்துப் படிப்பேன்.

நேரத்துக்கு மட்டும் இடம் விடவில்லை. “மாலை ஐந்து மணியளவில்” என்று வாக்கியத்தோடு வாக்கியமாகவே எழுதியிருந்தேன்.

எங்கள் சாவுகள் எல்லாமே ஐந்து மணிச் சாவுகள்தான். தொழிற்சாலைச் சங்கு ஊதி, ஆட்கள் வெளியே வந்து, சைக்கிளை எடுத்து வீடு வந்து, தூக்க ஆள் சேர்வதற்கு ஐந்தாகிவிடும். ஐயரும் பாதிரியாரும் அதற்கு வளைந்து கொடுத்தார்கள். ஊருக்கு உடலை எடுத்துப் போகிற வேன்கூட அதற்குப் பிறகுதான் கிளம்பும். அதுவரை நான் அறிவித்த இரண்டு முஸ்லிம் வீட்டுச் சாவுகளிலும், சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகே அடக்கம் நடந்தது. என் ஐந்து மணி ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை.

போகப் போக, “எத்தனை மணிக்கு எடுக்கலாம் டீச்சர்?” என்று சாவு வீட்டார் என்னையே கேட்க ஆரம்பித்தார்கள். நானும் என்னவோ நேரம் என் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஐந்து என்பேன்.

பேர் விட்டுப்போன பேச்சு

காதர் பாயும் முனுசாமி அண்ணனும் ஒரே ஷெட்டில் வேலை பார்த்தவர்கள். முனுசாமி மேலே கிரேனில் உட்கார்ந்திருப்பார். காதர் பாய் கீழே நின்று இறக்கு, நிறுத்து, நகர்த்து என்று கை காட்டுவார். டன் கணக்கில் இரும்பு தொங்கும். கீழே நிற்பவரின் கையைப் பார்த்துத்தான் மேலே இருப்பவர் நகர்த்த வேண்டும். அப்படி இருபது வருஷத்துக்குமேல் ஓட்டியவர்கள்.

குவார்ட்டர்ஸிலும் எதிரெதிர் வீடு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு சைக்கிளும் தூண்டிலோடு அயனம்பாக்கம் ஏரிக்குப் போகும். மீன் கிடைத்த நாளில் இருவர் சத்தமும் தெருக்கோடியிலேயே கேட்கும். கிடைக்காத நாளிலும் கேட்கும், யாரால் கிடைக்கவில்லை என்கிற சண்டையாக.

காதர் பாய் ஓய்வு பெற்ற நாளில் வழக்கம்போல் பிரிவுபசார விழா நடந்தது. மாலை வாங்கி வந்தது, வீடு வரை ஊர்வலமாக அழைத்துப்போகக் கார் பேசியது, பேண்டு வாத்தியம் பிடித்தது எல்லாம் முனுசாமி அண்ணன். கடைசியில் காதர் பாய் நன்றி சொல்ல எழுந்தார். ஃபோர்மேன் பெயரைச் சொன்னார். ஸ்டோர்ஸ்காரர் பெயரைச் சொன்னார். கேன்டீனில் டீ ஊற்றுகிறவர் பெயரைக்கூடச் சொன்னார். முனுசாமி பெயரைச் சொல்லவில்லை.

கார் கிளம்பும்போது முனுசாமி அண்ணன் ஏறவில்லை.

“டீ ஊத்தறவன் பேர் ஞாபகம் கீது. பக்கத்துலயே நின்னுகினு கீறேன், என் பேர் இல்லியா?” என்று மறுநாள் என் கணவரிடம் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அடுத்த மாதம் காதர் பாய் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பூந்தமல்லியில் இருந்த சொந்த வீட்டுக்குப் போனார். அதற்குக்கூட இவர் கை கொடுக்கப் போகவில்லை.

நாங்கள் சமாதானம் பேசிப் பார்த்தோம். “அவன் வந்து கேக்கட்டும்” என்றார் இவர். காதர் பாயும் அதையேதான் சொன்னார். இரண்டு வருஷம் ஓடியது. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் அப்படி என்ன தூரம்? ஒரு பஸ் டிக்கெட் தூரம்.

சீட்டு கையில் இருந்தது

அன்றைக்குக் காலை ஆறு மணிக்கு நசீர் மொபெட்டில் வந்தான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான்.

“அத்தா மௌத்தாயிட்டாங்க டீச்சர். நெஞ்சு வலின்னாங்க, ஆட்டோ கூட்டியாறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. ஃபேக்டரி ஆளுங்களுக்கு நீங்கதான் சொல்லணும்” என்று சீட்டைக் கொடுத்தான். அப்போதே திரும்பிப் போய்விட்டான்.

சீட்டில், “லுஹர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம்” என்று தெளிவாக எழுதியிருந்தது. லுஹர் என்றால் மத்தியானத் தொழுகை என்று எனக்குத் தெரியும். காதர் பாயின் மனைவி ஜைத்தூன் அக்கா பன்னிரண்டு வருஷம் எனக்கு அடுத்த பிளாக். தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

சீட்டை நோட்டில் குத்தினேன். மைக்கைப் போட்டேன். பெயரைச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வயது, பழைய பிளாக் எண், பூந்தமல்லி முகவரி எல்லாவற்றையும் சீட்டைப் பார்த்துச் சொன்னேன். நேரத்துக்குத்தான் இடம் இல்லையே. கண் நோட்டைப் பார்த்தது, வாய் படித்தது. இரண்டு தடவை சொல்வது வழக்கம். இரண்டு தடவையும் ஐந்து மணி என்றேன்.

ஹால் ஜன்னல் வழியாக முனுசாமி அண்ணனைப் பார்த்தேன். காலை ஷிஃப்டுக்குப் புறப்பட்டவர், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நின்றார். இரண்டாவது தடவை சொல்லி முடிக்கும்வரை தலையைக் குனிந்து கேட்டார். பிறகு டிபன் காரியரை ஹேண்டில்பாரில் சரியாக மாட்டிக்கொண்டு, மெதுவாக மிதித்து வேலைக்குப் போனார்.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஐந்து மணி என்பது எல்லார் காதுக்கும் பழகிய நேரம். பூந்தமல்லிக்காரர்களுக்குப் பள்ளிவாசலில் சரியான நேரத்தைச் சொல்லியிருந்தார்கள். தப்பான நேரம் எங்கள் நாற்பது பேருக்கு மட்டும்தான்.

தெருவில்

“பத்து நிமிசம் காத்துப் பாத்தோம் டீச்சர். அத்தாவோட ஆளுங்க வருவாங்கன்னு சொன்னேன். மையத்தை அடக்கம் பண்ணாம வெச்சுக்கிட்டு இருக்கக் கூடாதுன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிட்டாங்க. ஒருத்தர்கூட வரலியேன்னு அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க” என்றான் நசீர். அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் கணவர் என்னை மறைத்துக்கொண்டு நின்றார். யாரோ, “பரவால்ல விடுங்க” என்றார்கள். முனுசாமி அண்ணன் என் எதிரில் வந்தார்.

“அஞ்சு மணின்னு சொன்னியே டீச்சரம்மா. ரெண்டு தபா சொன்ன. நின்னு கேட்டுகினுதான் போனேன்.”

“தப்புப் பண்ணிட்டேன் அண்ணே.”

“காலைலயே வந்துருப்பேன். லீவு கேட்டா குடுத்துருப்பான். சாய்ந்தரம்தான எடுப்பாங்கோன்னு போய் கிரேன்ல குந்திகினு இருந்தேன்.” அவர் கத்தவில்லை. “மூஞ்சிய பாத்து ஒரு வார்த்த கேட்டுடலாம்னு வந்தேன். பதில் சொல்ல மாட்டான், தெரியும். இருந்தாலும் கேட்டுடலாம்னு.”

நசீர் அவர் கையைப் பிடித்து, அடக்கம் செய்த கபர்ஸ்தானுக்கு அழைத்துப் போனான். ஆண்கள் எல்லாரும் பின்னால் போனார்கள். ஈரம் காயாத மேட்டில் அவர் மூன்று பிடி மண் போட்டதாகவும், பாட்டில் பன்னீர் முழுவதையும் ஊற்றிவிட்டு வெறும் பாட்டிலை என்ன செய்வது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றதாகவும் என் கணவர் பிறகு சொன்னார்.

வெளியாளுக்குச் சொல்வது

நான் உள்ளே போனேன். ஜைத்தூன் அக்கா சுவரில் சாய்ந்து வெள்ளைப் புடவையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, “என்னாலதான் அக்கா யாரும் வரலை” என்று நடந்ததைச் சொன்னேன்.

அவர் புடவைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். பிறகு, “முனுசாமி அண்ணன் வந்தாரா?” என்று கேட்டார்.

“வந்திருக்காரு.”

“அந்த அண்ணனுக்கு வெசனம் இன்னும் தீரல இல்ல?” என்றார். “அன்னிக்கு மேடையில ஏன் அவரு பேரை விட்டீங்கன்னு இவங்ககிட்ட நானே கேட்டேன். நன்றி சொல்றது வெளியாளுக்கு, வூட்டாளுக்கு யாராவது சொல்லுவாங்களான்னாங்க. உன் பேரைக்கூடத்தான் நான் சொல்லல, நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டியான்னாங்க.”

“இதை அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே அக்கா.”

“சொல்லுங்கன்னேன். அவன் வரட்டும்னாங்க. வரட்டும் வரட்டும்னே ரெண்டு வருசம் போச்சு.” என் கையைப் பிடித்துக்கொண்டார். “நான் இத்தாவுல உக்காந்துட்டேன். நாலு மாசம் பத்து நாளு வெளி ஆம்பளைங்ககிட்டப் பேச முடியாது. நீ அவரு காதுல போட்ரு டீச்சர். சின்னப் புள்ளை நசீர் சொன்னா சமாதானத்துக்குச் சொல்றான்னு நெனைப்பாரு. நீ சொன்னா நம்புவாரு.”

“சொல்றேன் அக்கா” என்றேன்.

நாற்பது நாள்

திரும்பி வரும்போது பஸ்ஸில் முனுசாமி அண்ணன் முன்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை கூட்டத்தில் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் அவர் வீட்டு வாசல்வரை போனேன். உள்ளே அவர் பேசுகிற சத்தம் கேட்டது. கூப்பிட வாயெடுத்தேன். என் குரல் கேட்டு அந்த வீட்டில் யாராவது பதறுவார்களே என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு திரும்பினேன். அடுத்த வாரம் அவருக்கு நைட் ஷிஃப்ட் என்று ஒரு சாக்கு. அதற்கடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சேதியைச் சொன்னால் அவர் மறுபடியும், “காலைலயே வந்துருப்பேனே” என்பார். அதை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தைரியம் இல்லை. முன்பின் தெரியாதவர்களின் சாவைக்கூட அரை மணி நேரத்தில் ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிந்தவள் நான். ஒரே ஒருவரிடம் சொல்ல வேண்டிய நல்ல சேதியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

பூந்தமல்லியிலிருந்து வந்த அன்றைக்கே நோட்டில் அந்த ஐந்து மணியை அடித்துவிட்டு இடம் விட்டேன். அந்த மாதம் குவார்ட்டர்ஸில் இன்னும் இரண்டு சாவு. நேரத்தைச் சீட்டோடு மூன்று தடவை ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் மைக்கைத் தொட்டேன். இரண்டு தடவையும், நான் சொல்லி முடித்ததும் முனுசாமி அண்ணன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு சாவு வீட்டுக்கே போய், “எத்தினி மணிக்கு எடுக்கறீங்கோ?” என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டாவது தடவை அவரோடு இன்னும் சிலரும் போனார்கள். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு நசீர் வந்து எல்லாரையும் அழைத்தான். பூந்தமல்லி வீட்டு மாடியில் ஆண்களுக்குப் பந்தி. தெருவில் தண்ணீர் டிரம் பக்கத்தில் முனுசாமி அண்ணன் தனியாகக் கை கழுவிக்கொண்டிருந்தார். இனிமேல் முடியாது என்று கிட்டே போனேன். ஜைத்தூன் அக்கா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். நன்றி வெளியாளுக்குத்தான் என்றது, மனைவி பெயரைக்கூடச் சொல்லவில்லை என்றது, அவன் வரட்டும் என்றது, எல்லாம்.

அவர் குவளையை டிரம்மின் மேல் வைத்தார்.

“இத்த எப்ப சொல்ச்சு அந்தம்மா?”

“அடக்கம் பண்ணின அன்னிக்கே அண்ணே.”

கோபப்படுவார் என்று நினைத்தேன். முகம் அப்படியே விழுந்துபோய்விட்டது.

“நாப்பது நாளா அவன திட்டிக்கினு கீறேன் டீச்சரம்மா” என்றார். “கிரேன் மேல குந்திகினு, வாயில வந்த கெட்ட வார்த்தயெல்லாம் சொல்லி. செத்தவன்னுகூட பாக்கல. கடசி வரிக்கும் என் பேர சொல்லாமயே பூட்டியேடான்னு.”

துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அவர் அழுதார். நான் பக்கத்தில் நின்றேன்.

மாடியிலிருந்து நசீர் எட்டிப் பார்த்தான். “மாமா, அங்க இன்னா பண்றீங்க? பரிமாற ஆள் பத்தல, மேல வாங்க.”

முனுசாமி அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடியேறினார். தால்ச்சா வாளியை வாங்கிக்கொண்டு எல்லாப் பந்திக்கும் அவரே பரிமாறினாராம். கடைசியில் வீட்டு ஆட்கள் உட்கார்ந்தபோதுதான் அவரும் உட்கார்ந்தாராம். இதெல்லாம் பிறகு கேள்விப்பட்டது.

நான் பெண்கள் பக்கம் முதல் பந்தியிலேயே சாப்பிட்டு எழுந்துவிட்டேன். நசீர் வாசல்வரை வந்தான்.

“வந்ததுக்கு ரொம்ப நன்றி டீச்சர்” என்றான்.